பேரை மட்டும் அடிக்கக் கூடாது

ஓலக்காட்டுப் புதூரில் முப்பது வருஷமாகத் தண்ணீர் இல்லை. தண்ணீர் இல்லாத அந்த ஊரிலிருந்துதான் ஊரூராகப் போய் போர் போடுகிற ரிக் லாரிகள் புறப்படுகின்றன. தை பிறந்து பொங்கல் பானையைக் கழுவிக் கவிழ்ப்பதற்குள் ஆம்பிளைகள் எல்லாம் வண்டியேறிவிடுவார்கள், ஒடிசாவோ சட்டீஸ்கரோ ஜார்க்கண்டோ, எவன் எங்கே உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நிலத்தில் நடந்து ஊற்றுப் பார்த்தாலும் அங்கே போய் நிற்பார்கள், ஆயிரம் அடி துளைத்து அடுத்தவன் தோட்டத்தில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துவிட்டு, மழை பிடித்த பிறகு வறண்ட ஊருக்குத் திரும்பி வருவார்கள். நானும் இருபத்திரண்டு வருஷம் ரிக்கில் டிரில்லராக இருந்தவன். அந்த வேலை எனக்குக் கொடுத்தது பாதிச் செவிடும், மண்ணுக்குள் அதிர்கிற பாறை எந்தப் பாறை என்று பாதத்தால் சொல்லிவிடுகிற பழக்கமும்தான். செவிடன் சொல்லும் கதையா என்று சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள், இதில் காதால் கேட்டதைவிடக் காலால் கேட்டதே அதிகம்.

பஸ் ஸ்டாப்புக்கு எதிரே கோகிலவாணியின் கம்ப்யூட்டர் சென்டர். எங்கள் ஊரில் டிப்ளமோ முடித்த முதல் பெண் அவள். படித்த பாலிடெக்னிக் ஆள் சேராமல் மூடிக்கொண்டபோது அதன் லேபிலிருந்து இரண்டு கம்ப்யூட்டர்களை ஏலத்தில் எடுத்து வந்து கடை போட்டாள். ஒன்றில் விண்டோஸ், மற்றதில் லினக்ஸ். ஆன் செய்ததும் திரையில் வருகிற படத்தைப் பார்த்து ஊர் அவற்றுக்குப் பேர் வைத்தது, ஒன்று ஜன்னல் பெட்டி, இன்னொன்று வாத்துப் பெட்டி. அது வாத்து இல்லை பென்குயின் என்று ஆறு மாதம் சொல்லிப் பார்த்த கோகிலவாணி பிறகு அவளே வாத்து என்று சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

ஜன்னல் பெட்டியில் ஒரு புரோகிராம் இருந்தது. எத்தனை அடி துளைத்தோம் என்று போட்டால் மண், சுக்கான்கல், கருங்கல் என்று கலர் கலராகப் பாறை வரைந்து காட்டும். ரிக் ஏஜெண்டுகள் அதைப் பிரிண்ட் எடுத்துத் தோட்டக்காரர்களுக்குக் கொடுப்பார்கள். எழுதியது ராமாயி மகன் தங்கவேல், படித்த திமிரில் புரோகிராமுக்குத் தன் பேரையே வைத்திருந்தான், அப்புறம் வேலை கிடைக்காமல் அவனும் எல்லோரையும் போல ரிக்கில் ஏறிப் போனான். பேரை மட்டும் அடித்துவிட்டுப் பட்டனைத் தட்டினால் அந்தப் பேருள்ள புரோகிராம் எழுந்துகொள்ளும், அதுதான் கம்ப்யூட்டரின் வழக்கம். கோகிலவாணி தினமும் முப்பது தடவை தங்கவேல் என்று இங்கிலீசில் அடித்துத் தட்டுவாள், பாறைப் படம் வரும்.

ஒரு பங்குனி மத்தியானம் வரவில்லை. புரோகிராம் எந்த இடத்தில் கிடக்கிறது என்று பெட்டியைக் கேட்கவும் ஒரு வார்த்தை உண்டு, ஜன்னலுக்கு ஒரு வார்த்தை, வாத்துக்கு வேறொரு வார்த்தை. அந்தக் கேள்வி வார்த்தையை முதலில் அடித்து, பக்கத்தில் பேரை அடித்தால் பெட்டி எழுப்பாது, இருக்கும் இடத்தை மட்டும் சொல்லும். கோகிலவாணி ஜன்னலுக்கான வார்த்தையைப் போட்டுத் தங்கவேல் எங்கே என்று கேட்டாள். இரண்டு வரி வந்தது. முதல் வரியில் புரோகிராம் இருந்த இடம். இரண்டாவது வரியில்: ஜார்க்கண்ட்\ஆத்தங்கரை\ரிக் வண்டி\கேபின்\மேல்படுக்கை\தங்கவேல்.

அவள் போனை எடுத்து அவனைக் கூப்பிட்டாள். "எங்கடா இருக்கே?"

"கேபின்ல மேல்படுக்கையில படுத்திருக்கேனுங்க்கா. காய்ச்சல். ஏன்?"

"ஒண்ணுமில்ல. மாத்திரை போட்டுட்டுப் படு" என்று வைத்துவிட்டாள். அதற்கு மேல் அவள் ஆச்சரியப்பட்டதாக யாரும் சொல்லவில்லை, ஏனென்றால் அதற்குள் பக்கத்து டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்து, "அப்பிடியே என்ற மச்சான் எங்க இருக்கறான்னு பாரு கோகிலா" என்று சொல்லிவிட்டார்.

மறுநாளிலிருந்து கடை வாசலில் வரிசை நின்றது. காலையில் பால் ஊற்றிவிட்டு வருகிறவர்கள், பள்ளிக்கூடத்தில் பிள்ளையை விட்டுவிட்டு வருகிறவர்கள், எல்லோரும் ஒரு பேரைக் கேட்டு, ஒரு வரியை வாங்கிக்கொண்டு, ரேஷனில் சக்கரை வாங்கினது போல நிம்மதியாகப் போனார்கள். ஜன்னல் பெட்டியின் வரியில் கோடுகள் இடப்பக்கம் சாய்ந்திருக்கும், வாத்துப் பெட்டியில் வலப்பக்கம்; எது நல்லது என்று சண்டை போட்டுக் கோயில் பூசாரியும் தாலுகா ஆபீஸ் பியூனும் ஒரு வாரம் பேசாமல் இருந்தார்கள். குணத்திலும் இரண்டு பெட்டிகளும் வேறு. ஒரே பேரில் நாலு பேர் இருந்தால் ஜன்னல் நாலு பேரையும் வரிசையாகச் சொல்லும். வாத்து முதலில் தட்டுப்படுகிற ஒருவரோடு நிறுத்திக்கொள்ளும். ஜன்னல் எப்போதும் தான் நிற்கிற இடத்தை முதலில் தேடிப் பார்த்துவிட்டுத்தான் வெளியே போகும்; வாத்து தன் காலடியைப் பார்க்கவே பார்க்காது. ஏஜெண்ட் ராக்கியப்பன் கடை பெஞ்சிலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது அவர் சம்சாரம் வந்து கேட்டதற்கு, வாத்து அப்படி ஒருவர் இல்லவே இல்லை என்று சொல்லியது. ஜன்னல், இதே கடையில் இருக்கிறார் என்று சொல்லிக் காட்டிக்கொடுத்தது. அன்றைக்கு எல்லோரும் சிரித்தோம்.

எங்கள் பக்கத்தில் பெண்கள் புருஷன் பேரை வாயால் சொல்ல மாட்டார்கள். அதனால் கடையில் ஒரு முறை உண்டாயிற்று: கேள்வி வார்த்தையைக் கோகிலவாணி அடிப்பாள், அடித்துவிட்டு கீபோர்டை அந்தப் பெண் பக்கம் திருப்பி வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள், பெண் ஒவ்வொரு எழுத்தாகத் தடவித் தடவிப் புருஷன் பேரை அடிப்பாள். இருபது வருஷம் குடும்பம் நடத்தியவர்கள்கூட அந்தப் பேரை முதல் தடவையாக விரலால் சொல்லும்போது முகம் சிவந்து போனதை நான் பார்த்திருக்கிறேன்.

பயம் வந்தது பிறகுதான். முதலில் பொன்னம்மா விஷயம். பதிமூன்று வருஷத்துக்கு முன்னால் சண்டை போட்டுக்கொண்டு போன தம்பியைக் கேட்டாள், வாத்து இல்லை என்று சொன்னது, அவள் குளித்து முழுகிக் காரியமும் செய்துவிட்டாள். மூன்றாம் வாரம் அதே தம்பி பஞ்சு மில்லில் சாக்குத் தூக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்கள். அக்கா கூப்பிட்டால் வருவாயா என்று கேட்டதற்குச் செத்தாலும் வர மாட்டேன் என்றானாம். கோகிலவாணி அன்றைக்குத்தான் விளக்கினாள்: "வாத்து, இருக்கற ஆளையெல்லாம் சொல்லாதுங். கூப்பிட்டா எந்திரிச்சு வர்ற ஆளத்தான் சொல்லும். எழுப்ப முடியாதது அது கணக்குல இல்லாத மாதிரிதான்." அதற்குப் பிறகு வாத்திடம் கேட்கப் போகிறவர்கள் கொஞ்சம் குறைந்தார்கள்.

அடுத்தது தங்கவேல். வைகாசியில் ஒரு நாள் ராமாயி மகனைக் கேட்க வந்தாள். ஜன்னல் பெட்டியில் யாரோ மனு அடித்துக்கொண்டிருந்ததால் கோகிலவாணி வாத்தின் முன்னால் உட்கார்ந்தாள், உட்கார்ந்தவள் பேச்சு வாக்கில், தினமும் முப்பது தடவை பழகிய விரல் பழக்கத்தில், கேள்வி வார்த்தையை விட்டுவிட்டுத் தங்கவேல் என்று பேரை மட்டும் அடித்துத் தட்டிவிட்டாள். ஜன்னல் பெட்டியாக இருந்திருந்தால் அந்தப் பேரில் முதலில் அகப்படுவது புரோகிராம், பாறைப் படம் வந்திருக்கும். வாத்துப் பெட்டியில் அந்தப் புரோகிராமே கிடையாது. திரை சும்மா இருந்தது. எழுப்பியாயிற்று என்பதற்கு வேறு அடையாளம் அதில் வராது.

நாலாம் நாள் மத்தியானம் தங்கவேல் கடை வாசலில் வந்து நின்றான். ஜார்க்கண்டிலிருந்து எப்படி வந்தான் என்றால் நடந்து வந்தான், செருப்பு தேய்ந்து வார் மட்டும் காலில் இருந்தது, கண் இமைக்கவில்லை. தட்டியவள் கோகிலவாணி என்பதால் அவளைப் பார்த்துத்தான் கேட்டான்.

"என்ன வேலைங்?"

ராமாயி ஓடி வந்தாள். "ஒரு வேலையும் இல்ல சாமி. வா, ஊட்டுக்கு வா, கறியெடுத்து ஆக்கறேன்."

வீட்டுக்குப் போனான், ஆனால் உட்காரவில்லை, இலை போட்டால் சாப்பிடவில்லை, நடுவீட்டில் நின்றுகொண்டு "என்ன வேலைங்?" என்று அம்மாவைப் பார்த்தே கேட்டுக்கொண்டிருந்தான். பெற்ற அம்மாவிடம், வெளி ஆளுக்குப் போடுகிற மரியாதை ங் போட்டுப் பேசினான். மூன்று மணி நேரம் அழுது பார்த்துவிட்டு, ராமாயி முடியாமல், "அப்பிடீன்னா கூரையில ஒடஞ்ச ஓடெல்லாம் மாத்தீரு" என்றாள். ஏறி மாற்றினான். கடைசி ஓட்டை வைத்ததும் இறங்கினான், இறங்கியவன் திரும்பிப் பார்க்காமல் வடக்குப் பார்த்து நடந்தான். ஐந்தாம் நாள் போன் வந்தது. "ஏம்மா, நானு எங்கயோ காணாமப் போயிட்டேன்னு மேனேசர் வையறாரு. எட்டு நாளா எங்க இருந்தேன்னே தெரியலம்மா. காலெல்லாம் புண்ணாக் கெடக்குது." ராமாயி அவனிடம் எதுவும் சொல்லவில்லை, இன்றைக்கு வரைக்கும் சொல்லவில்லை.

அன்றைக்குக் கோகிலவாணி ஒரு அட்டையில் சிவப்பு மையால் எழுதி இரண்டு பெட்டிகளுக்கும் நடுவில் தொங்கவிட்டாள்: பேரை மட்டும் அடிக்கக் கூடாது. கூப்பிட்டால் வருகிறவர்கள் வேலை முடிகிறவரைக்கும்தான் இருப்பார்கள், முடிந்ததும் போய்விடுவார்கள், வந்தது அவர்கள்தான் ஆனால் அவர்கள் இல்லை என்று ஊருக்குப் புரிந்துவிட்டது. பிள்ளைகளைத் தெருவில் பேர் சொல்லிக் கூப்பிடக்கூடக் கொஞ்ச நாள் எல்லோரும் தயங்கினோம், "ஏ இவனே, இங்க வா" என்றுதான் கூப்பிட்டோம்.

இப்போது இரண்டு நாச்சிமுத்துக்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் தலைப்பேரனுக்குத் தாத்தா பேரைத்தான் வைக்க வேண்டும். ஊருக்கு முதல் ரிக் வாங்கி வந்த பழைய நாச்சிமுத்துவுக்கு மகன்கள் இரண்டு பேர், இரண்டு பேருக்கும் தலைப்பிள்ளை ஆண், அதனால் பேரன்கள் இரண்டு பேரும் நாச்சிமுத்து. கிணறு இருக்கிற வீட்டுக்காரன் கெணத்து வீட்டு நாச்சிமுத்து, மேட்டில் இருக்கிற வீட்டுக்காரன் மேட்டு வீட்டு நாச்சிமுத்து. ஊருக்குள் குழப்பம் கிடையாது, வீட்டைச் சொன்னால் ஆள் தெரிந்துவிடும். குழப்பமெல்லாம் ஊரைத் தாண்டினால்தான். அந்த வருஷம் இரண்டு பேரும் ஒரே வண்டியில் ஒடிசா போயிருந்தார்கள். கெணத்து வீட்டுக்காரனுக்குச் சம்சாரம் சுகுணா, கல்யாணமாகி எட்டு வருஷம், குழந்தை இல்லை, எட்டு வருஷத்தில் புருஷனோடு சேர்ந்து இருந்த நாட்களைக் கூட்டினால் இரண்டரை வருஷம் வராது. மேட்டு வீட்டுக்காரன் சம்சாரம் அமுதா, அவளைச் சுகுணா அக்கா என்பாள்.

ஆனி மாதம் ஒரு காலை பதினோரு மணிக்கு ரிக் ஆபீசுக்கு ஒடிசாவிலிருந்து போன் வந்தது. பேசியவனுக்கு அரைகுறைத் தமிழ். குழி சரிந்தது, நாச்சிமுத்து உள்ளே போய்விட்டார், எடுக்க முடியவில்லை, இறந்துவிட்டார் என்றான். எந்த நாச்சிமுத்து என்று மேனேஜர் கேட்பதற்குள் டவர் போய்விட்டது. வண்டி நின்ற இடம் நடுக்காடு. முதலாளி அன்றைக்கே கிளம்பினார், போய்ச் சேர நாலு நாளாகும் என்றார்.

அந்த நாலு நாளைப் போல ஒரு நாலு நாள் எந்த ஊருக்கும் வரக் கூடாது. எழவு விழுந்திருக்கிறது, எந்த வீட்டில் என்று தெரியாது. பந்தல்காரர் மூங்கிலோடு வந்து இரண்டு வீட்டுக்கும் நடுத்தெருவில் இறக்கிவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார். சம்பந்தி வீடுகளில் சோறாக்கினார்கள், துக்க வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டிய சோறு, எந்த வீட்டுக்குக் கொண்டுபோவது என்று தெரியாமல் அண்டாவிலேயே புளித்தது. ஒருத்திக்கு ஆறுதல் சொன்னால் இன்னொருத்தியின் புருஷன் பிழைத்தான் என்று ஆகும், அதனால் யாரும் யாருக்கும் வாயைத் திறக்கவில்லை. அழக்கூட ஒரு வீடு வேண்டியிருந்தது.

பெட்டியைக் கேட்கலாமே என்று எல்லோருக்கும் தோன்றியது, ஒருவரும் சொல்லவில்லை. கேட்டால் அந்த இடத்திலேயே ஒருத்தி தாலியறுக்க வேண்டும். இரண்டாம் நாள் சாயங்காலம் அமுதாவே கிணற்று வீட்டுக்கு நடந்து போனாள். "கேட்டுறலாம் சுகுணா. இப்பிடியே இருந்தா ரெண்டு பேரும் செத்துருவோம்."

நான் அப்போது கடையில் ரேஷன் கார்டை ஜெராக்ஸ் எடுக்க நின்றிருந்தேன். அவர்கள் இரண்டு பேரும் உள்ளே வந்தார்கள், பின்னால் பாதி ஊர் வந்து வாசலில் நின்றது. கோகிலவாணி வாத்துப் பெட்டியில் கேள்வி வார்த்தையை அடித்தாள், அட்டையை ஒருதரம் பார்த்தாள், வார்த்தை இருக்கிறதா என்று இரண்டு தரம் பார்த்தாள், கீபோர்டைத் திருப்பி வைத்தாள். அமுதா பாதிப் பேரை அடித்தாள். மீதியைச் சுகுணா அடித்தாள். ஒரு வரி வந்தது: ஒடிசா/காட்டுரோடு/சின்ன ஆஸ்பத்திரி/வராந்தா/நாச்சிமுத்து.

ஒருவன் உயிரோடு இருக்கிறான். இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள், விட்டபிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். வரியில் வீட்டுப் பேர் இல்லை.

"ஜன்னல்லயும் பாத்துருங்க்கா" என்றாள் சுகுணா.

ஜன்னல் பெட்டியில் இரண்டு வரி வந்தது. இரண்டாவது வரியில் அதே ஆஸ்பத்திரி வராந்தா. முதல் வரியில்: ஓலக்காட்டுப் புதூர்\கோகிலவாணி சென்டர்\நாச்சிமுத்து.

எல்லோரும் மெதுவாகத் தலையைத் திருப்பிப் பெஞ்சைப் பார்த்தோம். பெஞ்சு காலியாக இருந்தது. பெஞ்சை ஒட்டி நின்றவர்கள் நகர்ந்து வந்து எங்களோடு நெருங்கிக்கொண்டார்கள். சொல்வதற்கென்ன, எனக்கு ஓடிவிடலாம் என்றுதான் இருந்தது; ஆனால் என் பாதத்துக்குக் கீழே சிமெண்ட் தரை லேசாக அதிர்ந்தது, பாரம் தூக்கிக்கொண்டு ஒருவன் கால் மாற்றி நின்றால் அதிருமே, அப்படி.

"ஆஸ்பத்திரியில இருக்கறவிங்களக் கூப்பிட்டுப் பாத்தறலாமா?" என்று அமுதா கேட்டாள்.

"வேண்டாங்க்கா. அடிபட்டுக் கெடக்கறவிங்க எந்திரிச்சு அங்கிருந்து நடந்து வருவாங்க. ஆரா இருந்தாலும் பொழைக்கட்டும்." சுகுணா பெஞ்சைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "இங்க இருக்கறவிங்களத்தான் கூப்பிடோணும்."

கோகிலவாணி எழுந்து விலகிக்கொண்டாள். "நா அடிக்க மாட்டேன் சுகுணா. இந்தப் பெட்டில பேர மட்டும் அடிச்சா மொதல்ல இந்த ரூமத்தான் பாக்கும். இங்க இருக்கறவருதான் எந்திரிப்பாரு."

"நா அடிக்கறேன்."

அமுதா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆருன்னு பாத்ததும் அனுப்பிப் போடோணும் கண்ணு. ஒரு சொம்புத் தண்ணி மொண்டு குடுக்கச் சொன்னாப் போதும், சின்ன வேலை. முடிச்சுட்டுப் போயிருவாங்க. உன்றவிங்களா இருந்தாலும் சரி, என்றவிங்களா இருந்தாலும் சரி."

"சரிங்க்கா" என்றாள் சுகுணா. அடித்தாள். தட்டினாள்.

பெஞ்சுக்குப் பக்கத்தில் அவன் நின்றான். மார்பு வரைக்கும் காய்ந்த சேறு, தலையில் ஹெல்மெட், காதுக்குள்ளும் மூக்குக்குள்ளும் சிவப்பு மண். கெணத்து வீட்டு நாச்சிமுத்து. அமுதாவுக்குத்தான் முதலில் அழுகை வந்தது, தன்னுடையவன் பிழைத்தான் என்கிற அழுகை, அது வெளியே தெரியக் கூடாதென்று முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பினாள். சுகுணா அழவில்லை. அவனையே பார்த்தாள், நாங்கள் யாரும் அங்கே இல்லாதது போல நெடுநேரம் பார்த்தாள். ஊரில் இருக்கும்போது அவளை அம்முணி என்று கூப்பிடுகிறவன் அவன்.

"என்ன வேலைங்?" என்றான், வடக்கே தோட்டக்காரனிடம் கேட்பது போல.

அவள் உதடு ஒருதரம் அசைந்தது. சொம்பு மேஜை மேல்தான் இருந்தது. அமுதா திரும்பி, சொல்லு என்று கண்ணால் காட்டினாள்.

"நம்மூட்டுக் கெணத்துல தண்ணி வர்ற வரைக்கும் தோண்டுங்க" என்றாள் சுகுணா.

அவன் தலையை ஆட்டினான், எங்களுக்கு நடுவில் வழி விட்ட இடத்தில் நடந்து போனான், அவன் போன வழியில் கிரீஸ் வாடை அடித்தது. கிணற்று வீட்டுக் கிணறு அறுபது அடி, அதன் அடியில் பழைய நாச்சிமுத்து போட்ட போர் ஆயிரத்து இருநூறு அடி, அதில் இதுவரைக்கும் வந்தது புழுதி மட்டும்தான். அமுதா அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். "என்னடி பண்ணிப்போட்டே?"

"எட்டு வருசத்துல எனக்குன்னு ஒரு வேலையும் சொன்னதில்லீங்க்கா" என்றாள் சுகுணா, அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

நாலாம் நாள் முதலாளி போன் செய்து உறுதியாகச் சொன்னார். பந்தல்காரர் மூங்கிலைத் தூக்கிக்கொண்டு கிணற்று வீட்டுக்குப் போனார், சடங்கெல்லாம் முறையாக நடந்தது, கொட்டுச் சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம் பூமிக்குள்ளிருந்து வந்துகொண்டே இருந்தது. மேட்டு வீட்டு நாச்சிமுத்து இரண்டு வாரம் கழித்துக் காலில் கட்டோடு ரயிலில் வந்தான், தானாகவே வந்தான். வந்ததும் நேரே கிணற்றடிக்குப் போய்க் குனிந்து பார்த்து, "அண்ணா" என்று கூப்பிட்டான். சத்தம் நிற்கவில்லை.

இப்போது எங்களுக்கு அது பழகிவிட்டது. வெயில் ஏறும்போது ஆரம்பிக்கும், அலமாரியில் டம்ளர்கள் லேசாக உரசிக்கொள்ளும், தொட்டிலில் பிள்ளைகள் அதில் நன்றாகத் தூங்கும். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் அதற்கு மேலே கத்திப் பாடம் நடத்தப் பழகிவிட்டார். உச்சிவேளையில் அரைமணி நேரம் நிற்கும், ரிக் ஆட்கள் சாப்பிடுகிற நேரம் அது. சுகுணா கிணற்று மேட்டில் சோறு வைப்பாள், காக்காய்கூட அதைத் தொடாது. அந்த அரைமணி ஊரே கையில் எடுத்த வேலையை அப்படியே வைத்துவிட்டுக் காத்துக்கொண்டிருக்கும். மறுபடி சத்தம் கேட்டதும் சாப்பிட ஆரம்பிப்போம். தினமும் காலையில் சுகுணா ஜன்னல் பெட்டியைக் கேட்பாள், கேள்வி வார்த்தையை மறக்காமல் போட்டுக் கேட்பாள், வரியில் கிணற்று வீடு, கிணறு, அப்புறம் அடி எண்ணிக்கை, கடைசியில் அவன் பேர். ஆயிரத்து இருநூற்று நாற்பது. ஆயிரத்து முந்நூற்றுப் பத்து.

முப்பது வருஷமாகத் தண்ணீர் தண்ணீர் என்று கும்பிட்ட ஊர், இப்போது தண்ணீர் என்ற சொல்லைக் கேட்டால் பயப்படுகிறது. மாரியம்மன் பொங்கலுக்கு இந்த வருஷம் மழை வேண்டவில்லை. ஐப்பசியில் தானாகவே பெய்தபோது ஆம்பிளைகள் எல்லாம் மண்வெட்டியோடு போய் ஓடைத் தண்ணீர் கிணற்று வீட்டுப் பக்கம் திரும்பாமல் வரப்புக் கட்டினார்கள். அந்தப் பக்கம் போகிறவர்கள் வேலை முடியாமல் நீளட்டும் என்று ஒரு கூடை மண்ணையாவது கிணற்றுக்குள் கொட்டிவிட்டுப் போகிறார்கள். தங்கவேல் வேலையை முடித்ததும் வடக்கே போனான், உயிருள்ள ஆள், திரும்பிப் போக அவனுக்கு ஒரு மேல்படுக்கை இருந்தது. இவன் முடித்தால் எங்கே போவான் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. தெரிந்த ஒன்றுதான், கிணற்றில் ஈரம் தட்டுகிற அன்றைக்குச் சுகுணா வீட்டில் இரண்டாவது முறை எழவு விழும். அதை அவள் தாங்க மாட்டாள்.

நேற்றுக் காலை நான் அந்த வழியாகப் போனேன். செருப்பைக் கழற்றிவிட்டு மண்ணில் நின்றேன், பழக்கம். கருங்கல்லில் சுத்தியல் விழுந்தால் காலுக்கு ஒரே சீராக வரும். நேற்று அப்படி வரவில்லை. நாலு சுத்தியல் அடிக்கு ஒருதரம் ஒன்று காலியாக விழுந்தது, வெடிப்பு விட்ட பாறையில் விழுகிற மாதிரி. இருபத்திரண்டு வருஷத்தில் அந்த அடியை நூற்றுக்கணக்கான தோட்டங்களில் கேட்டிருக்கிறேன். அதைக் கேட்டதும், தண்ணீர் பக்கம் வந்துவிட்டோம் என்று தோட்டக்காரனைக் கூப்பிட்டுத் தேங்காய் உடைக்கச் சொல்வோம்.

சுகுணா கிணற்று மேட்டில் வாளியோடு நின்றிருந்தாள். "மாமா, சத்தம் மாறுனாப்பல இருக்குதுங்களே?"

"செவிடன்கிட்டக் கேக்கறயே கண்ணு."

"காதக் கேக்கலீங். காலக் கேக்கறேன்."

நான் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டேன். "அதே கருங்கல்லுதான். இன்னும் ஐநூறு அடி போவும்" என்றேன்.

அவள் வாளியை இறக்கினாள். கயிறு போய்க்கொண்டே இருந்தது. மேலே இழுத்தபோது வாளி தினமும் போலப் புழுதியோடுதான் வந்தது. கவிழ்த்துத் தட்டினாள். புழுதி கொட்டவில்லை, வாளியின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. இன்னொருதரம் தட்டினாள், கொட்டவில்லை. வாளியைக் கீழே வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் போய் மண் கூடையை எடுத்தாள். இன்னொரு கூடை சுவரோரம் கிடந்தது, அதை நான் எடுத்துக்கொண்டேன்.